மூக்கைத் தூக்கும் வேகம்

ரேணிகுண்டா விமான நிலையத்து ஓடுபாதையின் ஒரு முனையில் 08 என்றும் மறு முனையில் 26 என்றும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். திசைகாட்டியில் ஏறத்தாழ 80 பாகையைப் பார்த்துக் கிடக்கும் பாதை அது. அதை 080 என்று மூன்று இலக்கமாக எழுதிக் கடைசிச் சுழியை விட்டுவிட்டால் 08. அதே பாதையில் எதிர்ப்பக்கம் முகம் திரும்பினால் 260 பாகை, ஆகவே 26. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் முகம் வைத்துத்தான் விமானம் கிளம்பும். கிழக்கே பார்த்து 08-இல் கிளம்பும் நாட்களில், ஏர்பேட்டில் இருக்கும் எங்களுக்குத் தெற்கு வானத்தில் அது ஏறிப்போவது தெரியும். 26-இல் கிளம்பினால் எதிரே திருப்பதி நகரம், வலக்கைப் பக்கம் சேஷாசலம் மலைத்தொடர். அன்றைக்கு எங்கள் பக்கம் ஒன்றும் தெரியாது.

நான் ரயில்வேயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவன். ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் பக்கமும் கடப்பா பக்கமும் வண்டி எடுத்தவன். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் வேலை இந்தப் பக்கமே அமைந்ததால் ஏர்பேட்டிலேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டேன். அப்போது இது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். விமான நிலையமும் என் கண் முன்னால் வளர்ந்ததுதான். எழுபதுகளில் தொடங்கிய சின்ன நிலையம் அது. பிறகு பாதை 7,500 அடியாக, அதாவது 2,286 மீட்டராக நீண்டது. 2015 அக்டோபர் 22-ஆம் தேதி புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். 2017-இல் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. அதே காலத்தில்தான் எங்கள் ஏர்பேடு பக்கம் ஐ.ஐ.டி.யும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனமும் வந்தன.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி மொபைலில் விமானம் ஓட்டுகிறாள். அவள் போனில் ரேணிகுண்டா ஓடுபாதையும் இருக்கிறது, அதில் 08 என்ற எண்ணும் இருக்கிறது. ஏர்பஸ் ஏ320-ஐக் கொண்டுவந்து அந்த எண்ணின் மேல் நிறுத்துகிறாள், விசையைக் கூட்டுகிறாள், கிளம்புகிறாள். வீட்டில் மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்குள் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொழில் ஒன்று அடங்கியிருக்கிறது. வானத்தில் தவறு செய்து சாகாமல் இருக்க, தரையிலேயே தவறு செய்து பழகும் தொழில். அதன் வரலாற்றை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தேடித்தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்தது ஒரு பீப்பாய். பிரான்ஸ் நாட்டில் அந்துவானெத் என்ற விமானத்தை ஓட்டுவது மிகவும் கடினமாக இருந்தது. கைக்கு இரண்டு பக்கமும் சக்கரங்கள். ஒன்று மூக்கை ஏற்றி இறக்க, மற்றொன்று இறக்கையைச் சாய்க்க. எதை எப்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று உடம்புக்குப் பழகாமல் மேலே போனவன் கீழே விழுந்தான். ஆகவே 1910 வாக்கில் ஒரு பீப்பாயை இரண்டாக அறுத்து, ஒரு பாதியின் மேல் மறு பாதியை அசையும்படி வைத்து, மேலே ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். உதவியாளர்கள் இரண்டு பக்கமும் நின்று கழிகளால் பீப்பாயை ஆட்டுவார்கள். உட்கார்ந்திருப்பவன் சக்கரங்களைத் திருப்பி நேராக நிற்க வேண்டும். கருவி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ‘தரையில் பழகிக்கொள், பிறகு மேலே போ’ என்ற எண்ணம் அங்கே பிறந்துவிட்டது.

எங்கள் ஊர் வியாசாசிரமத்தை மலையாள சுவாமிகள் 1926-இல் நிறுவினார். அதற்கு மூன்று வருடம் கழித்து, அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்ற இளைஞர் விமானம் பழக்கும் இயந்திரத்தைச் செய்து முடித்தார். அவர் அப்பாவுக்கு ஆர்கன் வாத்தியமும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனில் காற்றடைக்கும் துருத்திகளை எடுத்து, குட்டி விமானம் போன்ற ஒரு மரப்பெட்டியின் அடியில் வைத்தார். கைப்பிடியை இழுத்தால் ஒரு துருத்தியில் காற்று ஏறும், இன்னொன்றில் இறங்கும். பெட்டி மூக்கைத் தூக்கும், சாயும், திரும்பும். வாத்தியம் செய்யும் கைவினை, பறக்கும் பாடமாக மாறியது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தொழில் தெரிந்தவன் கையில் எந்தப் பொருளும் வேறு ஒன்றாக மாறும்.

ஆனால் விமானப் படையோ விமானப் பள்ளிகளோ அதை வாங்க ஆர்வம் காட்டவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. காசு போட்டுவிட்டு உட்கார்ந்து ஆடிப் பார்க்கும் சாதனமாகவே அது சில வருடம் இருந்தது. நிலைமையை மாற்றியது 1934. அந்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்க அரசு, தபால் கொண்டுபோகும் வேலையைத் தனியார் கம்பெனிகளிடமிருந்து பறித்து ராணுவ விமானப் பிரிவிடம் கொடுத்தது. ராணுவ விமானிகள் பகலில் கண்ணால் தரையைப் பார்த்து ஓட்டிப் பழகியவர்கள். குளிர்காலம், பனிமூட்டம், இரவு. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாமல் சில வாரங்களுக்குள்ளேயே பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறை, ஒவ்வொன்றும் 3,500 டாலர் கொடுத்து வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமான பெட்டிகள் செய்யப்பட்டன. நீல வண்ணம் அடித்த அந்தப் பெட்டிக்குள் மூடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வெளியே எதையும் பார்க்காமல், முள் காட்டும் எண்ணை மட்டும் நம்பி ஓட்டக் கற்றவர்கள் லட்சக்கணக்கில்.

நம் நாட்டில் அதே காலத்தில் என்ன நடந்தது? 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் கிளம்பி அகமதாபாத் வழியாகத் தபாலோடு பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட். சின்னஞ்சிறு விமானம். புல் தரையிலோ மண் தரையிலோ ஓடி, போதுமான வேகம் வந்ததும் தானே மேலே மிதந்துவிடும். கிளம்புவது அந்தக் காலத்தில் தனிப் பாடமாக இல்லாததற்கு இதுவே காரணம். இறங்குவதுதான் பெரிய பாடம், பனிமூட்டத்தில் வழி கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய பாடம்.

கிளம்புவது எவ்வளவு பெரிய பாடம் என்று ஜெட் விமானம் வந்துதான் சொல்லிக்கொடுத்தது. அதைச் சொன்ன இடமும் கராச்சிதான்.

1952-இல் பிரிட்டனின் காமெட் விமானம் பயணிகள் சேவைக்கு வந்தது. உலகின் முதல் ஜெட் பயணி விமானம். அந்த வருடம் அக்டோபர் 26-ஆம் தேதி ரோம் நகரில் ஒரு காமெட் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஓடியது, மேலே எழவில்லை. பாதையைத் தாண்டிப் போய் உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. விமானிதான் தவறு செய்தார் என்று சொல்லி, அவரைச் சரக்கு விமானத்துக்கு மாற்றினார்கள். நாலே மாதத்தில், 1953 மார்ச் 3-ஆம் தேதி, கராச்சியில் அதே கதை. கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிய புத்தம் புதிய காமெட் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் அங்கே எண்ணெய் நிரப்பிக்கொண்டு விடியுமுன் கிளம்பியது. மூக்கு தேவைக்கு அதிகமாகத் தூக்கியிருந்தது. பாதை முடிந்த பிறகு ஒரு வாய்க்கால் கரையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். ஜெட் பயணி விமான விபத்தில் உயிர் போனது உலகில் அதுதான் முதல் தடவை.

காரணத்தைப் பின்னால் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். பழைய விமானத்தில் மூக்குக்கு முன்னாலோ இறக்கைக்கு முன்னாலோ சுழலும் விசிறி, இறக்கையின் மேல் காற்றை வீசிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் முந்தி மூக்கைத் தூக்கினாலும் அந்தக் காற்று கைகொடுக்கும். ஜெட்டில் அது கிடையாது. ஓடும் வேகம் ஒன்றுதான் இறக்கைக்குக் காற்றைக் கொடுக்க வேண்டும். வேகம் வருமுன் மூக்கை ரொம்பத் தூக்கினால், இறக்கை காற்றைக் கிழித்துப் போவதற்குப் பதில் காற்றுக்கு முன்னால் குறுக்கே நிற்கிறது. இழுவை கூடுகிறது, வேகம் ஏற மறுக்கிறது, தூக்கும் சக்தியும் வருவதில்லை. விமானி, ‘இன்னும் எழவில்லையே’ என்று இன்னும் இழுப்பார், இன்னும் கெடும். இறக்கையின் முன் விளிம்பை மாற்றிச் செய்தார்கள், கிளம்பும் முறையையும் மாற்றினார்கள்.

இன்று விமானிகள் அறையில் கேட்கும் சொற்களின் பின்னணி இதுதான். ஒவ்வொரு தடவையும், அன்றைய எடை, வெயில், காற்று, பாதையின் நீளம் எல்லாவற்றையும் வைத்து, கிளம்புமுன்பே மூன்று வேகங்களைக் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். முதலாவது வி-ஒன். அதற்குள் கோளாறு தெரிந்தால் பிரேக் போட்டு நிற்கலாம். அதைத் தாண்டிவிட்டால் ஓர் என்ஜின் போனாலும் மேலே போக வேண்டியதுதான், நிற்பதற்குப் பாதை மிச்சம் இருக்காது. இரண்டாவது வி-ஆர். மூக்கைத் தூக்கத் தொடங்கும் வேகம். மூன்றாவது வி-டூ. ஓர் என்ஜின் மட்டும் இருந்தாலும் பத்திரமாக ஏறிப்போகப் போதுமான வேகம்.

என்ஜின் ஓட்டிய எனக்கு வி-ஒன் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். அதனால்தான் நிற்கச் சொல்லும் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே டிஸ்டன்ட் சிக்னலை நட்டு வைக்கிறார்கள். மஞ்சளைப் பார்த்த இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். சிவப்பைக் கண்ணால் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. விமானிக்கு டிஸ்டன்ட் சிக்னல் பாதையோரத்தில் நிற்கவில்லை, வேகமானியின் எண்ணில் நிற்கிறது. எங்கள் 110 கிலோமீட்டர், விமானிகள் வேகத்தை அளக்கும் ‘நாட்’ கணக்கில் 60 கூட வராது. அவர்கள் 140, 150 நாட்டில் ஓடிக்கொண்டே அந்த முடிவை எடுக்கிறார்கள்.

இந்த முடிவை நிஜ விமானத்தில் பழக முடியாது. பழகுவதற்காக ஓடுபாதையில் ஓர் என்ஜினை நிறுத்திப் பார்த்த காலமும் உண்டு. அப்படிப் பயிற்சியிலேயே உயிர்கள் போயின. ஆகவேதான் சிமுலேட்டர், அதாவது தரையில் இருந்தபடியே விமானம் போல நடந்துகொள்ளும் இயந்திரம், பெரிய தொழிலாக வளர்ந்தது. 1948-இல் பான் ஆம் கம்பெனி, போயிங் ஸ்ட்ராட்டோக்ரூசர் விமானத்தின் முழு விமானி அறையைத் தரையில் வைத்துப் பயிற்சி கொடுத்தது. விமான கம்பெனி ஒன்று சொந்தமாக வைத்துக்கொண்ட முதல் முழு சிமுலேட்டர் அதுவே. அது ஆடாது, ஜன்னலில் ஒன்றும் தெரியாது. ஆனால் முள்கள் எல்லாம் நிஜம் போல நகரும். அடுத்து ஜன்னலுக்குக் காட்சி வந்தது. ஒரு பெரிய பலகையில் விமான நிலையம், வயல், சாலை, வீடு எல்லாவற்றையும் பொம்மையாகச் செய்து வைத்து, அதன் மேல் டி.வி. கேமராவை நகர்த்தி, விமானி கைப்பிடியை அசைக்கிறபடி அந்தக் காட்சியை ஜன்னலில் காட்டினார்கள். எழுபதுகளில் கம்ப்யூட்டரே படம் வரைந்தது. முதலில் இரவுக் காட்சிதான், ஏனென்றால் கறுப்புத் திரையில் விளக்குப் புள்ளிகளை மட்டும் வரைந்தால் போதும். ஆறு கால்களில் நின்று எல்லாத் திசையிலும் அசையும் மேடையும் வந்து சேர்ந்தது. கிளம்பும்போது முதுகு இருக்கையில் அழுந்தும் உணர்வைக் கொண்டுவர, அந்த மேடை அறையைப் பின்பக்கமாகச் சாய்க்கும். ஜன்னலில் பாதை நேராக ஓடிக்கொண்டிருப்பதால் சாய்ந்தது தெரியாது. வேகம் கூடுகிறது என்று உடம்பு நம்பிவிடும். 1980-இல் அமெரிக்க விமானத் துறை, நல்ல சிமுலேட்டரில் பயிற்சி முடித்த அனுபவசாலி விமானி, புதிய ரக விமானத்தில் நேராகப் பயணிகளோடு முதல் தடவை பறக்கலாம் என்ற திசையில் விதிகளை வகுத்தது.

நம் நாட்டில் அப்படிச் சிமுலேட்டரில் பழக்கும் பள்ளி ஹைதராபாத்தில் இருந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் தன் மத்தியப் பயிற்சி நிலையத்தை அங்கே நடத்தியது. 1989-இல் ஏ320 விமானங்கள் அந்தக் கம்பெனிக்கு வந்தன. கைப்பிடிச் சக்கரத்துக்குப் பதில் பக்கத்தில் ஒரு சின்னக் குச்சி, கம்பி வடத்துக்குப் பதில் மின்சார சமிக்ஞை. பழைய விமானத்தில் தலைமுடி நரைத்த விமானிகள்கூடச் சிமுலேட்டரில் உட்கார்ந்து முதலிலிருந்து கற்றார்கள். அந்தக் கதவுக்குள் சாதாரண மனிதன் போக முடியாது. ரேணிகுண்டாவில் இறங்கும் விமானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற எங்களுக்கு, உள்ளே என்ன சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று தெரிய வழியே இல்லை.

அந்தப் பாடம் எவ்வளவு அவசியம் என்று 1993 ஏப்ரல் 26-ஆம் தேதி அவுரங்காபாத்தில் நாடு பார்த்தது. டெல்லியில் கிளம்பி ஜெய்ப்பூர், உதய்ப்பூர் வழியாக வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737, அங்கிருந்து பம்பாய் போக வேண்டும். உள்ளே 118 பேர். பாரம் அதிகம், ஏப்ரல் வெயில். சூடேறிய காற்று லேசாக இருக்கும். இறக்கைக்கும் பிடிமானம் குறையும், என்ஜினுக்கும் மூச்சு குறையும். ஆகவே கிளம்ப அதிக தூரம் ஓட வேண்டும். விமானம் பாதையின் கடைசி முனைக்குப் பக்கத்தில்தான் தரையை விட்டது. பாதைக்கு அப்பால் ஒரு நெடுஞ்சாலை. அந்த நேரத்தில் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே போனது. விமானத்தின் இடது சக்கரமும் இடது என்ஜினின் அடிப்பாகமும் லாரியில் இடித்தன. இடித்தது சாலையிலிருந்து ஏழடி உயரத்தில். இன்னும் கொஞ்சம் மேலே இருந்திருந்தால் தப்பியிருக்கும். சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்தது. 55 பேர் இறந்தார்கள். மூக்கைத் தூக்க விமானிகள் தாமதித்ததையும், தூக்கிய முறை தவறாக இருந்ததையும், ஓடுபாதை முனையில் சாலைப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டதையும் விசாரணை காரணமாகச் சொன்னது.

கராச்சியில் மூக்கை முந்தித் தூக்கினார்கள், 11 பேர் போனார்கள். நாற்பது வருடம் கழித்து அவுரங்காபாத்தில் பிந்தித் தூக்கினார்கள், 55 பேர் போனார்கள். இரண்டு ஊரும் நம் துணைக்கண்டத்து ஊர்கள்தான். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சில நொடிகளைச் சரியாகப் பிடிப்பதுதான் டேக் ஆஃப் என்ற பாடத்தின் சாரம். அதைப் பேத்திக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, அவள் கையிலிருந்த போனே வழி காட்டியது.

அந்தப் போனுக்கும் ஒரு பரம்பரை உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஆர்ட்விக் என்ற மாணவர், கம்ப்யூட்டர் திரையில் விமானக் காட்சியை வரைவது பற்றி 1975-இல் ஆய்வு செய்தார். பிறகு சின்ன வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் ஃப்ளைட் சிமுலேட்டரை எழுதினார். 1979 வாக்கில் அது ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு வந்தது. கோடுகளால் ஆன மலை, கோடுகளால் ஆன பாதை. 1982-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி அவரிடமிருந்து அதைப் பெற்று ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு வெளியிட்டது. திறந்ததும் விமானம் நிற்கும் இடம் சிகாகோ நகரத்து ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் என்ற சின்ன விமான நிலையம். உலகம் முழுவதும் எத்தனையோ பேர் வாழ்நாளில் முதல் தடவை கிளம்பியது அந்தப் பாதையில்தான். 2003 மார்ச் மாதம் ஓர் இரவில் நகர நிர்வாகம் நிஜமான அந்தப் பாதையைப் புல்டோசர் விட்டுக் கிளறிப்போட்டு மூடியது. திரையில் மட்டும் அது பல வருடம் இருந்தது.

2008-இல் ஆஸ்டின் மேயர் தன் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரை ஐபோனுக்குக் கொண்டுவந்தார். போன் சாய்வதை உணரும் சின்னச் சில்லு ஒன்று அதற்குள் இருந்ததால், தனியாகக் கைப்பிடி வேண்டியிருக்கவில்லை. போனைச் சாய்த்தால் விமானம் சாயும், தன் பக்கம் இழுத்தால் மூக்கு தூக்கும். 2011-இல் இன்ஃபினிட் ஃப்ளைட் வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பல. 2016-க்குப் பிறகு நம் ஊரில் டேட்டா மலிவானது. ஹைதராபாத்தில் பூட்டிக் கிடந்த பாடத்தின் ஒரு துண்டு ஏர்பேட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

ஒரு மே மாத மாலை பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 08-இல் ஏ320 நிற்கிறது. இடது ஓரத்தில் விசையைக் கூட்டும் பட்டை. அதை ஒரே தள்ளாகத் தள்ளினாள். வேகம் 100-ஐத் தாண்டுமுன்பே போனைத் தன் பக்கம் இழுத்தாள். மூக்கு எழுந்தது, விமானம் எழவில்லை. பின்பக்கம் தரையில் உரசி, தள்ளாடி, பாதை முடிகிற இடத்தில் எப்படியோ மேலே போனது.

“தாத்தா, எழும்பவே மாட்டேங்குது. இன்னும் இழுக்கணுமா?”

“இழுக்காதே கண்ணு. இழுக்க இழுக்க அது எழும்பாது. இதேதான் கராச்சியிலே நடந்தது” என்று காமெட் கதையைச் சொன்னேன். இறந்தவர்கள் எண்ணிக்கையைக் கேட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுபடி செய்தோம், இந்தத் தடவை முறைப்படி. முதலில், போனைக் கையில் எந்தச் சாய்வில் பிடித்திருக்கிறோமோ அதுவே சமநிலை என்று சொல்லும் பொத்தானை அழுத்தினாள். அது செய்யாவிட்டால் ஓடும்போதே விமானம் ஒரு பக்கம் இழுக்கும். பிறகு இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் ஃப்ளாப்ஸ் ஒரு படி. விசையைப் பாதி வரைக்கும் தள்ளி ஒரு மூச்சு நிறுத்தம். இரண்டு என்ஜினும் ஒரே அளவில் சுழல்கின்றனவா என்று பார்க்க. நிஜத்திலும் அப்படித்தான், ஒரு என்ஜின் முந்திக்கொண்டால் விமானம் பக்கவாட்டில் திரும்பிவிடும். பிறகு முழு விசை. எண்களை நான் உரக்கப் படித்தேன். “நூறு.” “நூறு, சரி” என்றாள். நூறில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு வேகமானிகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் இடம் அது. நாங்கள் எழுதி வைத்திருந்த எண் வந்ததும் “வி-ஒன்” என்றேன். அப்போது அவள் விசைப் பட்டையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நிஜ விமானி அந்த நொடியில் விசைக் கம்பியிலிருந்து கையை எடுக்கிறார். இனி நிறுத்தும் எண்ணம் கிடையாது என்று தன் கைக்கே சொல்வதற்காக. “ரொட்டேட்” என்றதும் போனைச் சாய்த்தாள், ஒரு நொடிக்கு மூன்று பாகை கணக்கில். ஐந்து நொடியில் பதினைந்து பாகை. ஏ320 தரையில் இருக்கும்போதே சுமார் பன்னிரண்டு பாகையைத் தொட்டால் வால் இடித்துவிடும். ஆனால் அளவாகத் தூக்கினால் அதற்கு முன்பே சக்கரம் தரையை விட்டிருக்கும். விட்டிருந்தது. உயரம் ஏறுகிறது என்று முள்ளைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் சக்கரத்தை மடக்கினாள். பாதையில் கணிசமான தூரம் மிச்சம் இருந்தது.

போன் கொடுக்காதது நிறைய. முதுகு அழுந்தாது, மூக்குச் சக்கரம் பாதையின் நடுவிளக்குகளில் தட்டும் அதிர்வு வராது, பக்கத்தில் உட்கார்ந்து எண் படிக்கிற இன்னொரு விமானி இல்லை. பெரிய சிமுலேட்டரில் விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் உட்கார்வதே, வி-ஒன் தாண்டிய நொடியில் என்ஜின் அணைந்தால் என்ன செய்வது என்பதற்காகத்தான். அந்த வியர்வை போனில் வராது. ஆனால் முறை வருகிறது. எதற்குப் பின் எது, எந்த எண்ணில் எது, ஏன் என்ற வரிசை வருகிறது. ரயில்வேயில் டிரைவரும் உதவி டிரைவரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி உண்டு. கண் பார்த்ததை வாய் சொன்னால்தான் புத்தி உறுதி செய்யும் என்று என் வேலைக்காலம் முழுக்கக் கண்டவன் நான். பேத்தி இப்போது தனியாக ஓட்டும்போதும் எண்களை வாய்விட்டுச் சொல்கிறாள். அது பழக்கமாகிவிட்டால் நாளைக்கு அவள் எந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாலும் கூட வரும்.

ஆகவே பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளை போனில் விமானம் ஓட்டினால் பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள். இந்த ஓடுபாதை ஏன் 08, மே மாதத்தில் ஏன் அதிக தூரம் ஓடுகிறது, ஏன் இந்த வேகத்துக்கு முன் மூக்கைத் தூக்கக் கூடாது என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளில் பூகோளம் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்து உட்கார்ந்திருக்கிற ஊர் இது; இங்குள்ள அரசுப் பள்ளிக் குழந்தைகளை ஒரு நாள் அழைத்து, சூடேறிய காற்றில் இறக்கை ஏன் தடுமாறுகிறது என்று செய்து காட்டினால் அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பீப்பாயின் மேல் ஆடியவர்கள், பனியில் தபாலோடு விழுந்தவர்கள், கராச்சியில் எரிந்தவர்கள், அவுரங்காபாத்தில் பஞ்சு லாரியில் இடித்து மாண்டவர்கள், இவர்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிய விதிதான் திரையில் வரும் அந்த மூன்று எண்கள். அவற்றைப் படித்துச் சொல்லிவிட்டுக் கையை அசைக்கிற பிள்ளை, அவர்கள் விட்டுச்சென்ற பாடத்தை மதிக்கிற பிள்ளை. என் பேத்தி விமானி ஆவாளா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. மூக்கை எந்த வேகத்தில் தூக்க வேண்டும், ஏன் அந்த வேகத்தில் என்று அவளுக்குத் தெரியும், அது போதும்.